ராஜாஜியை எப்படி மதிப்பிடுவது?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி கிராமத்தில் ஓர் எளிய வீடு, அரசு நினைவில்லமாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது. சூளகிரியிலிருந்து அதிக தூரமில்லை. அதிகாலையில் பெங்களூரு - கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்லும். அவற்றில் அமர்ந்திருக்கும் இளைஞர்களிலும் இளம்பெண்களிலும் பலர், அந்த வீட்டில் பிறந்தவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்தவர்களோ அவரைப் பற்றி ஒருமித்த கருத்துக் கொண்டவர்கள் அல்லர்.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. ஆயினும் அவர் பெயரை எடுத்தால் தமிழ்நாடு இன்றும் இரண்டாகப் பிரிகிறது. மூதறிஞர் என்று கைகூப்புவோர் ஒருபுறம். குலக்கல்வியைக் கொண்டுவந்தவர் என்று முகம் சுளிப்போர் மறுபுறம். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், வகுப்பறையில் அவர் பெயர் வந்த ஒவ்வொரு முறையும் இந்தப் பிரிவினையை நான் கண்டிருக்கிறேன். இரு தரப்பு மாணவர்களும் அவருடைய வாழ்க்கையில் தத்தமக்குத் தேவையான பகுதியை மட்டும் படித்திருப்பார்கள். அந்த வாழ்க்கையை முழுமையாக ஒரு முறை நினைவுகூர்வது, இரு தரப்புக்கும் பயன்படக் கூடும்.

எல்லைப்புறத்துப் பிள்ளை

1878 டிசம்பர் 10 அன்று, அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் கிராம முன்சீப்பின் மகனாகப் பிறந்தார் ராஜாஜி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் பகுதி இது. ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டப் படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் என அவருடைய கல்வி வளர்ந்தது. 1900-இல் சேலத்தில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கி, விரைவிலேயே பெரும் பொருள் ஈட்டினார்.

1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். தீண்டாமைக்கு எதிரான நடவடிக்கைகளால் சொந்தச் சமூகத்தாரின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார். ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்த ஈ.வெ.ராமசாமியுடன் நட்புக் கொண்டதும் அந்தக் காலகட்டத்தில்தான். அரசியலில் நேரெதிர்த் துருவங்களாக நின்றபோதும், அந்த நட்பு இறுதிவரை முறியவில்லை.

நாற்பது வயதை எட்டும் முன்பே மனைவியை இழந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தின்போது வருவாய் மிக்க வழக்குரைஞர் தொழிலைத் துறந்தார், சிறை சென்றார். 1925-இல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர் நூற்பு, மதுவிலக்குப் பிரசாரம், தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றில் ஈடுபட்டார். மதுவிலக்குக்கென அவர் நடத்திய விமோசனம் இதழில் அவருக்குத் துணை நின்றவர் கல்கி.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் வேதாரண்யம் நோக்கி நடந்தார். உணவோ தங்க இடமோ அளிப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அரசு நிர்வாகம் மிரட்டியும் மக்கள் சோறிட்டார்கள். 1933-இல் தம் மகள் லட்சுமியைக் காந்தியடிகளின் மகன் தேவதாஸுக்கு மணமுடித்துக் கொடுத்தார். ஐயங்கார் குடும்பத்துப் பெண்ணுக்கும் குஜராத்தி வணிகர் குலத்து இளைஞருக்கும் நடந்த அத்திருமணம் அன்றைய சமூகத்தில் சிறிய செய்தியாக இருக்கவில்லை. பின்னாளில் அவர் மீது எழுந்த மிகக் கடுமையான குற்றச்சாட்டை எடைபோடும்போது, இந்தத் திருமணத்தையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

மதுவிலக்கும் விற்பனை வரியும்

1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரானார் ராஜாஜி. மாநில முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன.

என் பாட்டி அப்போது கைக்குழந்தையுடன் இருந்த இளம் மனைவி. கள்ளுக்கடை மூடப்பட்ட பிறகுதான் வாரக் கூலியை வீட்டில் முழுதாகக் கண்டதாக அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ராஜாஜியின் பெயரைக்கூட அவருக்குச் சரியாக உச்சரிக்க வராது. அவரைப் பொறுத்தவரை, அவர் கடையை மூடிய மகராசன், அவ்வளவுதான். பின்னாளில் நான் படித்த நூல்களில் ராஜாஜியைப் பற்றிக் கடுமையான விமர்சனங்களைக் கண்டபோதெல்லாம், பாட்டியின் கணக்கும் கூடவே நினைவுக்கு வந்தது.

ஆனால், பொருளாதார மாணவனுக்கு முக்கியமானது அதற்கு அடுத்து நடந்ததுதான். மதுவால் வந்த வருவாய் மாகாண அரசின் முக்கிய நிதி ஆதாரங்களுள் ஒன்று. அதை இழக்கத் துணிந்தவர், அந்தப் பள்ளத்தை நிரப்பவும் வழி தேட வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார். 1939-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகப் பொது விற்பனை வரி சென்னை மாகாணத்தில் விதிக்கப்பட்டது. வணிகர்கள் எதிர்த்தார்கள். வரி நிலைத்தது. பிற மாகாணங்களும் அந்த வழியைப் பின்பற்றின. பல பத்தாண்டுகளுக்கு மாநிலங்களின் சொந்த வரி வருவாயில் முதலிடம் விற்பனை வரிக்கே இருந்தது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியின் பூர்விகத்தைத் தேடிப் போனால், அந்தச் சட்டத்தில்தான் சென்று நிற்போம்.

மதுவை விலக்குவதற்காக வந்த வரி நிலைத்துவிட்டது, மதுவிலக்கு போய்விட்டது. இன்று தமிழ்நாடு அரசு வரியையும் வசூலிக்கிறது. டாஸ்மாக் கடைகளில் மதுவையும் விற்கிறது. ஒரு நலத்திட்டத்தை அறிவிக்கும்போதே அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் மக்களிடம் சொல்லிவிடும் நேர்மை அன்று இருந்தது. இன்றைய நிதிநிலை அறிக்கைகளை வாசிக்கும்போது, அந்த நேர்மையின் அருமை புரிகிறது.

1938-ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் அவர் ஆட்சியின் முக்கியமான நடவடிக்கை. வாங்கிய அசலுக்கு இரு மடங்கு கட்டியிருந்தால் பழைய கடன் தீர்ந்தது என்றது அச்சட்டம். உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்து, கடன்காரர்களிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த உழவர்களுக்கு அது மூச்சுவிட இடம் தந்தது. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஏ.வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தபோது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்ததும் அவருடைய அரசுதான்.

முதல் தவறு

இத்தனை நன்மைகளையும் ஓர் ஆணை மறைத்துவிட்டது. 1938 ஏப்ரலில், 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. தமிழறிஞர்களும் சுயமரியாதை இயக்கத்தினரும் நீதிக் கட்சியினரும் கிளர்ந்தெழுந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். கைக்குழந்தைகளுடன் சென்ற பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெரியார் சிறையில் அடைக்கப்பட்டார். நடராசன், தாளமுத்து ஆகிய இளைஞர்கள் உயிரிழந்தார்கள். மக்களை ஒடுக்க ஆங்கிலேயர் கையாண்ட குற்றவியல் திருத்தச் சட்டத்தையே, அதை எதிர்த்து வந்த காங்கிரஸ் தலைவரின் அரசும் கையில் எடுத்தது.

உலகப் போரில் இந்தியாவைக் கேட்காமல் ஈடுபடுத்தியதைக் கண்டித்து 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் அந்தக் கட்டாயத்தை விலக்கினார். ஆனால், அந்த இரண்டு ஆண்டுகளில் திரண்ட உணர்வுதான் அடுத்த முப்பது ஆண்டுகளின் தமிழக அரசியலை வடிவமைத்தது. பிற்காலத்தில் ராஜாஜியே இந்தி ஆட்சிமொழியாவதை உறுதியாக எதிர்த்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை. அவர் கருத்தை மாற்றிக்கொண்டார். காயம்பட்டவர்கள் நினைவை மாற்றிக்கொள்ளவில்லை.

1940-களில் அவர் தம் கட்சியிலேயே தனித்து நின்றார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஏற்கவில்லை. முஸ்லிம் லீகுடன் உடன்பாடு காண 1944-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். போருக்குப் பின், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தொடர்ச்சியான மாவட்டங்களில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தலாம் என்பது அதன் சாரம். அதன் அடிப்படையில் நடந்த காந்தி - ஜின்னா பேச்சுவார்த்தை தோல்வியுற்றது. ராஜாஜி மீது துரோகப் பட்டம் சுமத்தப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், பெரும் குருதிப் பெருக்குக்கு இடையே, நாடு பிரிந்தது. அவர் முன்கூட்டிக் கண்டதைப் பிறர் தாமதமாகக் கண்டனர் என்று சொல்வதில் தவறில்லை.

விடுதலைக்குப் பின் மேற்கு வங்க ஆளுநர், 1948 ஜூனிலிருந்து கவர்னர் ஜெனரல், பின்னர் மத்திய உள்துறை அமைச்சர் என உயர் பதவிகளை வகித்தார். 1951-இல் ஓய்வு பெற்றுச் சென்னை திரும்பியவரை மீண்டும் அழைத்தது காலம்.

அரிசியும் பள்ளிக்கூடமும்

1952 பொதுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. 375 இடங்களில் 152 மட்டுமே. தேர்தலில் நிற்காத ராஜாஜி, ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். மக்களைச் சந்திக்காமல் வந்த முதல்வர் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அது நியாயமான விமர்சனம்தான்.

பதவியேற்ற சில வாரங்களில், போர்க்காலத்திலிருந்து நீடித்த உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். கட்டாயக் கொள்முதல், மாவட்டம் விட்டு மாவட்டம் நெல் கொண்டுசெல்லத் தடை, அளந்து தரும் ரேஷன் என அனைத்தும் ஒரே அறிவிப்பில் விலகின. பஞ்சம் வரும் என்று பலர் அஞ்சினார்கள். பதுக்கப்பட்டிருந்த தானியம் சந்தைக்கு வந்தது. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். சென்னையின் அனுபவம் பிற மாநிலங்களுக்கும் துணிவு தந்தது. விலைக்கு உற்பத்தியாளரும் வணிகரும் எவ்வாறு எதிர்வினை ஆற்றுவர் என்பதை, பொருளாதாரம் படிக்காத அந்த வழக்குரைஞர் நன்கு அறிந்திருந்தார். அதே ஆண்டு தஞ்சைப் பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார்.

அடுத்து வந்ததுதான் 1953-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்வித் திட்டம். பின்னணியைப் பார்க்க வேண்டும். பதினான்கு வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளில் அளிக்க முயல வேண்டும் என்றது அரசமைப்புச் சட்டம். கிராமங்களில் பெரும் பகுதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருந்தனர். கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, பணம் இல்லை. எனவே, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று மணி நேர வகுப்பு என்றார். அதே கட்டடத்தில், அதே ஆசிரியரிடம் இரு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம். இதுவரை உள்ளது பற்றாக்குறையைப் பகிரும் கணக்கு. பல நாடுகள் இம்முறையைக் கையாண்டிருக்கின்றன.

திட்டம் அத்தோடு நின்றிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கலாம். எஞ்சிய அரை நாளில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று அது மேலும் சென்றது. தறியும் சூளையும் உலையும் சாதியோடு பிணைந்திருந்த சமூகத்தில், தந்தையின் தொழிலைக் கற்பது என்பதற்கு ஒரே பொருள்தான் உண்டு. சலவைத் தொழிலாளியின் மகனுக்குத் துறை. வழக்குரைஞரின் மகனுக்கு நூலகம். நகர்ப்புறப் பள்ளிகளுக்குத் திட்டம் பொருந்தாது என்பதும், இச்சுமை யார் தோளில் விழும் என்பதைத் தெளிவாக்கியது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அப்பெயரே அதன் தீர்ப்பாகவும் ஆயிற்று. காங்கிரஸுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. சட்டமன்றத்தில் வாக்குகள் சமமாகப் பிரிந்து, அவைத்தலைவரின் வாக்கால் திட்டம் தப்பியது. ஆனால், அதை நிறுத்திவைத்து ஆராய வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. ஆராய்ந்த பருலேகர் குழு, திட்டத்துக்கு ஆதரவாகவே அறிக்கை தந்தது. வல்லுநர்கள் ஏற்றதை மக்கள் ஏற்கவில்லை.

சாதியைக் கடந்து மகளை மணமுடித்துக் கொடுத்தவர், சாதியை நிலைநிறுத்தவே இதைக் கொண்டுவந்தார் என்று நான் கருதவில்லை. கைத்தொழிலைப் போற்றும் காந்தியச் சிந்தனையும், கஜானாவின் வறுமையும் சேர்ந்து உருவாக்கிய திட்டம் அது என்பதே என் கருத்து. ஆனால், அரசின் கொள்கையை நோக்கத்தால் அளப்பதில்லை, விளைவால்தான் அளக்கிறோம். அதன் விளைவு, பிறப்பின் எல்லையைக் கடக்கப் பள்ளி ஒன்றையே நம்பியிருந்த பிள்ளைகளின் பாதி நாளைப் பறிப்பதாக இருந்திருக்கும். அவர்களின் பெற்றோரை அவர் கேட்கவில்லை. தம் கட்சியினரையும் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை. தம் முடிவு சரியானது என்ற உறுதியே, அம்முடிவு பிறர் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை அவர் கேட்கவிடாமல் செய்துவிட்டது. 1938-இல் செய்த அதே தவறு இது.

1954-இல் அவர் பதவி விலக, காமராஜர் முதல்வரானார். திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிகள் பெருகின, மதிய உணவு வந்தது. பணம் இல்லை என்ற அதே கஜானாவை வைத்துக்கொண்டுதான் காமராஜர் அதைச் செய்தார். எது முதலில் என்ற வரிசையை அவர் மாற்றி அமைத்தார். ஊராரின் நன்கொடையையும் உழைப்பையும் பள்ளிச் சீரமைப்பில் சேர்த்துக்கொண்டார். ராஜாஜியின் கணக்கில் விடுபட்டிருந்தது இந்த மக்கள் பங்கேற்புதான்.

சுதந்திராக் கட்சியும் சூளகிரியும்

எண்பது வயதில் பெரும்பாலோர் பேரப்பிள்ளைகளோடு ஓய்ந்திருப்பார்கள். ராஜாஜி ஒரு கட்சியைத் தொடங்கினார். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுப் பண்ணை விவசாயத்தை ஏற்றுத் தீர்மானித்தது. அவ்வாண்டு ஜூனில், மினு மசானி, என்.ஜி.ரங்கா உள்ளிட்டோருடன் சேர்ந்து சுதந்திராக் கட்சியை அறிவித்தார். எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதி வேண்டும் என்ற ஆட்சிமுறைக்கு, லைசென்ஸ் - பர்மிட் ராஜ்யம் என்று அவர் சூட்டிய பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்களைப் பெற்று முதன்மை எதிர்க்கட்சியாக உயர்ந்தது அக்கட்சி. தமிழ்நாட்டில், குலக்கல்விக்காகத் தம்மை எதிர்த்த அதே தி.மு.க.வோடு கைகோத்துக் காங்கிரஸ் ஆட்சி வீழத் துணை நின்றார்.

1991 சீர்திருத்தங்கள் ராஜாஜியை மெய்ப்பித்துவிட்டதாகச் சொல்வோர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. அனுமதிச் சீட்டுக்காகத் தொழில்முனைவோர் தில்லியில் காத்துக் கிடந்த காலத்தின் இழப்பை, என் தலைமுறைப் பொருளாதார மாணவர்கள் நன்கு அறிவார்கள். மறுபாதியை அறிய எங்கள் ஊரைப் பார்த்தால் போதும். ஓசூரின் தொழில் வளர்ச்சி தானாக முளைத்ததன்று. 1970-களில் சிப்காட் என்ற அரசு நிறுவனம் நிலம் எடுத்து, சாலையும் நீரும் மின்சாரமும் தந்து, பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளையும் காட்டி அழைத்த பிறகே பெருந்தொழில்கள் இங்கு வந்தன. அவற்றுக்கு வேண்டிய படித்த தொழிலாளர்களைத் தந்தவை, முழு நாளும் திறந்திருந்த அரசுப் பள்ளிகள். சந்தைக்கு வழிவிட வேண்டும் என்றார் ராஜாஜி. அந்தச் சந்தை வந்து நிற்கக் களம் அமைத்தது அரசு. இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இன்றைய ஓசூர் இல்லை.

ஆயினும் ஓர் இடத்தில் அவர் குரல் இன்று எங்களுக்கு மிக அண்மையில் கேட்கிறது. சொத்துரிமையைச் சுருக்கும் அரசமைப்புத் திருத்தங்களைச் சுதந்திராக் கட்சி கடுமையாக எதிர்த்தது. ஜமீன்தார்களுக்காகவும் மகாராஜாக்களுக்காகவும் வாதாடும் கட்சி என்று அன்று அதை ஏசினார்கள். அக்கட்சியில் அவர்கள் பலர் இருந்ததும் உண்மை. ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் சூளகிரி வட்டத்தில் உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பகுதிகளில் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடியவர்கள் ஜமீன்தார்கள் அல்லர். காய்கறியும் கொத்தமல்லியும் பயிரிட்டுப் பிழைக்கும் சிறு உழவர்கள். அரசு கேட்டால் கொடுத்தே ஆகவேண்டுமா என்ற அவர்களுடைய கேள்வியில், 1959-இல் அந்த முதியவர் எழுப்பிய கேள்வி இருக்கிறது. தொழில் வேண்டும், அதற்கு நிலமும் வேண்டும். அதை உடையவரின் இசைவோடு பெறுவதா, ஆணையால் பெறுவதா என்பதே வழக்கு.

இறுதி ஆண்டுகள்

1962-இல் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வலியுறுத்தி, வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். இதற்கிடையே சக்கரவர்த்தித் திருமகனும் வியாசர் விருந்தும் எளிய தமிழில் இதிகாசங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. 1971-இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுத்தபோது, தொண்ணூற்றிரண்டு வயதில் முதல்வர் கருணாநிதியின் இல்லத்துக்கே சென்று, வேண்டாம் என்று மன்றாடினார். பலன் இல்லை. அதே ஆண்டுத் தேர்தலில், பழைய போட்டியாளர் காமராஜரோடு கூட்டணி அமைத்துத் தோற்றிருந்தார். 1972 டிசம்பர் 25 அன்று சென்னையில் மறைந்தார். சுடுகாட்டில் சக்கர நாற்காலியில் அமர்ந்து கண்ணீர் விட்டவர், அவரை வாழ்நாள் முழுதும் எதிர்த்த பெரியார்.

அந்தக் கண்ணீரை நட்பின் அடையாளமாக மட்டும் பார்ப்பது போதாது. ராஜாஜியின் குறைகளைப் பெரியாரைவிட நன்கு அறிந்தவர் யாரும் இல்லை. அவரைவிடக் கடுமையாகப் பேசியவரும் இல்லை. ஒருவருடைய கொள்கையைத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்கும், அவருடைய வாழ்க்கையை மதிக்க வேண்டும் என்பதற்கும் இடையே முரண் இல்லை என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

என் மதிப்பீடு இதுதான். பொதுப் பணத்தைக் கையாள்வதில் நேர்மை, செல்வாக்கு சரிந்தாலும் நினைத்ததைச் சொல்லும் துணிவு, அரசின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற எச்சரிக்கை ஆகிய மூன்றுக்காகவும் ராஜாஜி போற்றப்பட வேண்டியவர். தம்மைவிட எளிய மக்களின் வாழ்க்கையை மாற்றும் முடிவுகளை அவர்களைக் கேளாமலே எடுத்ததற்காக, அவர் மீதான தீர்ப்பும் நிலைத்திருக்க வேண்டும். பாட்டியின் நன்றி பொய்யில்லை; குலக்கல்வியை எதிர்த்தவர்களின் கோபமும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி வைப்பதுதான் வரலாறு.

அரசுக்கு நாளை எத்தனை ஏக்கர் நிலம் தேவை, எந்தப் பள்ளியை எதனோடு இணைக்கலாம், எந்த வரியைக் கூட்டலாம் என்று கணக்கிடும் கெட்டிக்காரர்கள் இன்றும் கோட்டையில் இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு சரியாகவும் இருக்கலாம். கோப்பில் கையெழுத்திடும் முன் ஒரு முறை தொரப்பள்ளிக்கு வந்துபோனால், சரியான கணக்கு மட்டுமே போதாது என்பதை அந்த வீடு அவர்களுக்கு நினைவூட்டும்.

(டிச. 25 ராஜாஜி நினைவு நாள்)

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), சூளகிரி.